அபார்ட்மென்ட்டில் ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் இருக்க எந்த ஸ்பீக்கர், எந்த சப்வூஃபர்?

பெரிய டிவி வந்தாச்சு, ஓடிடி சந்தாவும் கட்டியாச்சு. அடுத்து பலரும் தேடுவது ஹோம் தியேட்டர்தான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் சப்வூஃபர் முதல் நாள் ‘தும்... தும்...’ என்று அதிர்ந்ததுமே வருவது என்ன தெரியுமா? அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. கீழ் வீட்டு சார் வந்து “சவுண்டைக் கொஞ்சம் குறைங்க” என்று சொல்லும்போது, நம்ம ஹாலில் சத்தம் ஒன்றும் அதிகமாக இருக்காது. சொல்லப்போனால் வசனமே சரியாகக் காதில் விழாமல், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நமக்கு வசனம் கேட்கவில்லை, அவருக்குத் தூக்கம் வரவில்லை. இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஏன் அப்படி, சுவரைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாகப் பார்க்கலாம்.

சுவரைத் தாண்டுவது எது?

படத்தின் ஒலியில் எல்லாமே ஒரே மாதிரி சுவரைத் தாண்டுவதில்லை. வசனம், வயலின், பறவைச் சத்தம் இதெல்லாம் அதிர்வெண் கூடிய ஒலிகள். இவற்றைச் செங்கல் சுவர் நன்றாகவே தடுத்துவிடும். குண்டுவெடிப்பு, டிரம்ஸ், லாரி உறுமல் ஆகியவை 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான பேஸ் ஒலிகள். இவைதான் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன.

காரணம் ரொம்ப எளிது. சுவர் ஒலியைத் தடுப்பது அதன் எடையால். தோராயமான கணக்குப்படி, அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் சுவரின் தடுப்புச் சக்தி சுமார் 6 டெசிபெல் குறையும். வசனம் உள்ள 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 500, 250, 125, 62 என்று நான்கு முறை இறங்கினால் பேஸ் வந்துவிடும். அதற்குள் 24 டெசிபெல் தடுப்பு போய்விடுகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டில் கதாநாயகன் பேசுவது கேட்காது, அவர் அடிக்கும் அடி மட்டும் கேட்கும்.

ஒலி அலையின் நீளத்தையும் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ. 40 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அதாவது நம்ம ஹாலைவிட நீளம்! சோபா, திரைச்சீலை, அலமாரி எதுவும் அதற்கு ஒரு தடையே இல்லை.

இன்னொரு வழியும் இருக்கு. சப்வூஃபர் பெட்டி தரையில் உட்கார்ந்திருப்பதால், அதன் அதிர்வு டைல்ஸ் வழியாகக் கான்கிரீட் தளத்துக்கும், அங்கிருந்து கீழ் வீட்டுக்கும் நேரடியாகப் போகும். இது காற்று வழியாகப் போகும் சத்தம் இல்லை, கட்டடம் வழியாகப் போகும் அதிர்வு. இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் தேவை.

செல்போன் மீட்டரை நம்பலாமா?

புகார் வந்ததும் பலர் செய்வது, போனில் டெசிபெல் ஆப் போட்டு “பாருங்க சார், 45தான் காட்டுது” என்று சொல்வது. இங்கேதான் சிக்கல்.

இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ன் படி, குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனிநபர் வைத்திருக்கும் ஒலி அமைப்பின் சத்தம், அவருடைய இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

ஆனால் இந்த அளவுகள் ‘ஏ வெயிட்டிங்’ என்ற முறையில் எடுக்கப்படுபவை. மனிதக் காது பேஸை மந்தமாகவே கேட்கும் என்பதால், மீட்டரும் பேஸைக் குறைத்தே காட்டும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் குறைப்பு 30 டெசிபெல். அதாவது பக்கத்து வீட்டு பெட்ரூமில் 50 ஹெர்ட்ஸ் பேஸ் உண்மையில் 75 டெசிபெல் இருந்தாலும் மீட்டர் 45 என்றுதான் காட்டும். அந்த அதிர்வெண்ணில் 44 டெசிபெல் இருந்தாலே அமைதியான அறையில் காதுக்குக் கேட்க ஆரம்பித்துவிடும் எனும்போது, 75 என்பது தூங்க விடாத அளவு. போன் மைக்குகள் பலவும் ஆழமான பேஸைச் சரியாகப் பதிவு செய்வதில்லை என்பது வேறு.

ஆக, மீட்டர்படி நீங்கள் விதிக்குள் இருக்கலாம். அப்போதும் அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தையோ, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரோ, பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவியோ சிரமப்படலாம். அவர் பொய் சொல்லவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. பேஸ் ஒலி கேட்கத் தொடங்கிய பிறகு, சில டெசிபெல் கூடினாலே காதுக்கு அது ரொம்பப் பெரிதாகத் தெரியும். இதைத் திருப்பிப் பார்த்தால், சப்வூஃபரில் 4, 5 டெசிபெல் குறைத்தாலே அடுத்த வீட்டுக்குப் பெரிய நிம்மதி. அந்த 5 டெசிபெல்லை, நம்ம படத்தின் சுவாரசியம் குறையாமல் எங்கிருந்து மிச்சம் பிடிப்பது என்பதுதான் இனி வரப்போகும் விஷயம்.

‘எத்தனை வாட்ஸ்?’ என்று கேட்காதீங்க

கடையில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி இது. பெட்டியில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் வெறும் விளம்பர எண். ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் நிஜம். அதிலும் 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல்தான். 10-க்கு 15 அடி ஹாலில், மூன்று மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இந்த வாட்ஸ் போட்டியே தேவையில்லை.

கடையின் பெரிய கூடத்தில் பேஸை ஏற்றி வைத்துத்தான் டெமோ காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: “குறைந்த வால்யூமில் வசனம் தெளிவாகக் கேட்குமா? போட்டுக் காட்டுங்க.” இந்தச் சோதனையில் தேறும் செட்தான் அபார்ட்மென்ட்டுக்கு ஏற்றது.

ஸ்பீக்கர்: காசை சென்டரில் போடுங்க

சண்டையின் ஆரம்பம் சப்வூஃபரில் இல்லை, வசனத்தில் இருக்கு. வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவோம். அடுத்த நிமிடம் திரையில் குண்டு வெடிக்கும். ஏற்றிய வால்யூமில் அதுவும் சேர்ந்து ஏறும். உடனே ரிமோட்டைத் தேடுவோம். அதற்குள் கீழ் வீட்டுக் குழந்தை எழுந்துவிடும்.

5.1 போன்ற அமைப்புகளில் பெரும்பாலான வசனம் டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. எனவே,

• சென்டர் ஸ்பீக்கர் தரமானதாக இருக்கட்டும். அதைக் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். ஷெல்ஃபின் உள்ளே தள்ளி வைக்காமல் விளிம்புக்கு இழுத்து வையுங்கள்.

• செட்டிங்ஸில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் தனியாகக் கூட்டுங்கள். மொத்த வால்யூமைக் குறைத்தாலும் வசனம் தெளிவாக நிற்கும்.

• முன்பக்கத்துக்கு ஆள் உயர டவர் ஸ்பீக்கர் வேண்டாம். சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். பேஸ் வேலையை சப்வூஃபர் ஒன்றிடம் விட்டால், ஒரே இடத்தில் அதைக் கட்டுப்படுத்தலாம். டவர் என்றால் இன்னும் இரண்டு இடங்களிலிருந்து பேஸ் வரும்.

• ஸ்பீக்கரைப் பொதுச் சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். ஸ்டாண்டில் வையுங்கள். அட்மாஸ் ஆசையில் கூரைத் தளத்தில் துளை போடுவதும் மேல் வீட்டுக்கு அதிர்வை அனுப்பும் வேலைதான்.

இடம் சின்னதென்றால் 5.1 கூடத் தேவையில்லை. இடது, வலது, சென்டர், ஒரு சப்வூஃபர் என 3.1 அமைப்பே நிறைவாக இருக்கும். சவுண்ட்பார் வாங்குகிறீர்கள் என்றால், ரிமோட்டில் சப்வூஃபர் அளவைத் தனியாகக் குறைக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். அது முடியாத மாடல் அபார்ட்மென்ட்டுக்கு வேண்டாம்.

சப்வூஃபர்: வாங்கவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். இங்கே ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘இந்த மாடல் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாது’ என்று எந்த சப்வூஃபரையும் சொல்ல முடியாது. எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும், அதே அதிர்வெண்ணில் அதே டெசிபெல் பேஸ் சுவரில் பட்டால் ஒரே அளவுதான் தாண்டும். வித்தியாசம் மூன்று விஷயங்களில்: எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எவ்வளவு நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம், எங்கே வைக்கலாம்.

சைஸ்: சாதாரண ஹாலுக்கு 8 அல்லது 10 இன்ச் போதும். 12 இன்ச், 15 இன்ச் எல்லாம் தனி வீட்டுக்காரர்களின் ஆசை.

சீல்டா, போர்ட்டடா: துளை இல்லாத பெட்டி சீல்டு, காற்றுத் துளை உள்ளது போர்ட்டட். ஒரே சைஸில் போர்ட்டட் பெட்டி ஆழமான பேஸில் அதிகச் சத்தம் தரும். சீல்டு பெட்டி சின்னது, சோபா ஓரத்திலும் அடங்கும், ஆழம் போகப்போகச் சத்தம் தானாகக் குறையும். சுவரைப் பகிரும் வீட்டுக்கு சீல்டு வசதி.

எதிரெதிர் டிரைவர்: சில விலை கூடிய மாடல்களில் இரண்டு டிரைவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து இருக்கும். ஒன்றின் உதையை மற்றொன்று சமன் செய்வதால் பெட்டி அதிராது. தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். பட்ஜெட் இருந்தால் நல்ல தேர்வு.

கட்டுப்பாடுகள்: வால்யூம், கிராஸ்ஓவர், ஃபேஸ் மூன்றும் இருக்க வேண்டும். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. இதுதான் நமக்குக் கிடைத்த வரம். ஏன் என்று அடுத்து பார்க்கலாம்.

காதுக்குப் பக்கம், சுவருக்குத் தூரம்

நம்ம வீடுகளில் சப்வூஃபர் போய் உட்காரும் இடம் டிவிக்குப் பக்கத்து மூலை. பல ஃபிளாட்டுகளில் டிவி யூனிட் இருப்பதோ பொதுச் சுவரில். மூலையில் வைத்தால் பேஸ் பெருகும். பொதுச் சுவரின் மூலையில் வைத்தால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துப் பெருகும். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான்.

திசை தெரியாது என்பதால் சப்வூஃபர் டிவி பக்கம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சோபாவின் பின்னாலோ பக்கவாட்டிலோ, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி இருந்து அதே பேஸைத் தர அது எவ்வளவு உழைக்க வேண்டுமோ, அந்த அளவுக்குப் பக்கத்தில் தேவைப்படாது. சப்வூஃபரின் வால்யூமை நன்றாகக் குறைத்தாலும் நமக்கு அதே அனுபவம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போவது மட்டும் குறையும். நாம் தேடிய அந்த 5 டெசிபெல்லில் பெரும்பங்கு இங்கேயே கிடைத்துவிடலாம். அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு நீளமான கேபிளோடு.

இன்னும் பேஸை உடம்பில் உணர வேண்டும் என்பவர்களுக்கு ‘பேஸ் ஷேக்கர்’ என்ற சின்னக் கருவி இருக்கு. சோபாவின் அடியில் திருகி மாட்டினால், சத்தம் பெரிதாக இல்லாமல் இருக்கையை மட்டும் அதிரவைக்கும். சோபா கால்களுக்கு ரப்பர் வைக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் அந்த அதிர்வும் கீழ் வீட்டுக்குத்தான்.

முட்டை அட்டை, ஃபோம், ரப்பர் பேட்: எது வேலை செய்யும்?

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண். கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் பேனல், அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வசனம் தெளிவாகும், அவ்வளவுதான். பேஸ் வெளியே போவதை அது தடுக்காது. 8 மீட்டர் அலையை 2 இன்ச் ஃபோம் எப்படி நிறுத்தும்?

சப்வூஃபருக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேட் தரை வழியாகப் போகும் அதிர்வைக் குறைக்கும். எனவே கீழ் வீட்டுப் புகாருக்கு இது உதவும். காற்று வழியாகச் சுவரைத் தாண்டும் பேஸுக்கு உதவாது. பக்கத்து வீட்டுப் புகாருக்குப் பேட் வாங்கிப் போட்டுவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று வருத்தப்படுவது இதனால்தான்.

நாலைந்து அடி இடைவெளியில் நிற்கும் தனி வீடுகளுக்கு நிலைமை வேறு. அங்கே சத்தம் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் போகும். படம் போடும்போது அந்தப் பக்க ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரிமோட்டில் இருக்கும் இலவச மருந்து

தியேட்டருக்காகக் கலக்கப்பட்ட ஒலியில் மெல்லிய பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். தியேட்டர் தர அளவில் பேஸ் சேனலின் உச்சம் மட்டும் 115 டெசிபெல். முறையாக டியூன் செய்த ரிசீவரில் அது ‘0’ அளவு. வீட்டில் மைனஸ் 25-ல் வைத்துப் பார்த்தாலும் உச்சம் 90 வரை போகலாம்.

இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் நைட் மோட். டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல், டைனமிக் வால்யூம் என்று வேறு பெயர்களிலும் இருக்கும். மெல்லிய பேச்சை ஏற்றி, வெடிச் சத்தத்தை இறக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் இது ஆனில் இருக்கட்டும். டெனான், மராண்ட்ஸ் நிறுவனங்களின் சில உயர்ரக ரிசீவர்களில் ‘எல்.எஃப்.சி.’ என்ற வசதியும் உண்டு. சுவரைத் தாண்டும் பேஸைக் குறைக்கவே உருவாக்கப்பட்டது அது.

ஒன்றில் மட்டும் கவனம். டைனமிக் ஈக்யூ, லவுட்னஸ் போன்ற வசதிகள் குறைந்த வால்யூமில் பேஸைக் கூட்டிக் கொடுக்கும். நமக்குக் கேட்க இனிமை. ஆனால் வால்யூமைக் குறைத்தும் புகார் நிற்கவில்லை என்றால், முதலில் இதை ஆஃப் செய்து பாருங்கள்.

கடைசி டெஸ்ட்: அவங்க வீட்டில் நின்று கேளுங்க

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு பகல் வேளையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, நீங்கள் வழக்கமாக வைக்கும் வால்யூமில் பேஸ் அதிகமுள்ள ஒரு காட்சியை ஓடவிடுங்கள். பிறகு அவங்க பெட்ரூமில் போய் நின்று கேளுங்கள். கீழ் வீட்டிலும் அப்படியே. ஃபேனை அணைத்துவிட்டுக் கேட்பது முக்கியம், ராத்திரி அமைதியில் கேட்பதற்கு அதுதான் ஓரளவு சமம்.

அங்கே கேட்காத அளவுக்கு சப்வூஃபரைக் குறைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ராத்திரி வால்யூம். எந்த ஆப்பும் தராத துல்லியம் இதில் கிடைக்கும். தவிர, நீங்களே போய்க் கேட்டவர் என்பதால் அடுத்த முறை அவங்க குரூப்பில் போடாமல் உங்களிடமே சொல்வாங்க.

வாங்கும் முன் ஒரு பார்வை

• டிவி எந்தச் சுவரில்? முடிந்தால் வெளிச்சுவரிலோ, உங்கள் வீட்டு அறைகளுக்கு இடையிலான சுவரிலோ வையுங்கள்.

• சென்டர் ஸ்பீக்கர் தரமானதா? குறைந்த வால்யூமில் வசனம் தெளிவா?

• சப்வூஃபர் 8 அல்லது 10 இன்ச்சா? அளவைத் தனியாகக் குறைக்க முடியுமா?

• சோபா வரை எட்டும் கேபிளோ, ஒயர்லெஸ் வசதியோ இருக்கா?

• நைட் மோட் உண்டா?

• கீழே வீடு இருந்தால், எடைக்கேற்ற ரப்பர் பேட் வாங்கியாச்சா?

இதற்கெல்லாம் முன்னால், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவங்க ஹாலா, பெட்ரூமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த ஸ்பீக்கர் வாங்குவது, எங்கே வைப்பது என்ற முடிவில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கு.